ஒன்பதாவது மாடி கிட்டார்

கல்யாணத்துல இசைக்குன்னு ஒத்தைக் காசு செலவு பண்றதில்லன்னு லிஃப்ட்டுக்காரர் முடிவெடுத்தப்போ மணி காலையில ஏழே கால். இன்னும் பல்லுகூட தேய்க்கல.

மகளுக்குப் பதிவுக் கல்யாணம். நடுவுல இருந்தது ஏழே வாரம். மண்டபம் பேசியாச்சு, சாப்பாடு பேசியாச்சு, நாற்காலி உறைகளை வீட்டம்மாவே தைக்கறாங்க. மிச்சம் இருந்தது இசை ஒண்ணுதான்.

"அது என் டிபார்ட்மென்ட். ஒருத்தரும் தலையிடக் கூடாது"ன்னு கூடத்துக்கு நடுவுல நின்னு அறிவிச்சார்.

மூலையில ஓடிக்கிட்டிருந்த தையல் மிஷின் சட்டுனு நின்னு போச்சு.

அந்த வீட்டுல மிஷின் ஓடுதுன்னா உலகம் ஒழுங்கா சுத்துதுன்னு அர்த்தம். நின்னு போச்சுன்னா யாரோ மாட்டிக்கிட்டாங்கன்னு அர்த்தம். வீட்டம்மா தையல்காரங்க. திரைச்சீலை, மெத்தை உறை, பள்ளிக்கூட யூனிஃபார்ம்னு எது வந்தாலும் தைப்பாங்க. ஒரு நாளும் குரலை உசத்திப் பேசினதில்ல. மிஷினை நிறுத்துவாங்க, அதோட சரி. அடுத்த அரை நிமிஷத்துல அவர் தானாவே எல்லாத்தையும் ஒத்துக்குவார்.

"நீங்களா பாக்கப் போறீங்க?"ன்னாங்க.

"ஏன், எனக்குக் காது இல்லையா?"

"இருக்கு. நான் சொல்றது எதுவும் உள்ள போய்ப் பார்த்ததில்ல, அதான் கேட்டேன்."

"நான் தினமும் எட்டு மணி நேரம் இசையிலேயே இருக்கறவன்."

"சரிங்க. அப்போ உங்க பொறுப்பு."

மிஷின் மறுபடி ஓட ஆரம்பிச்சுது. லிஃப்ட்டுக்காரருக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. இருபத்தஞ்சு வருஷக் குடித்தனத்துல இவ்வளவு சுலபமா அவர் எதையும் ஜெயிச்சதில்ல. ஜெயிச்சா என்ன பண்றதுன்னு பழக்கம் இல்லாததால, அங்கேயே கொஞ்ச நேரம் நின்னார்.

அப்போதான் மக உள்ளேருந்து வந்தா. மூக்குக் கண்ணாடிக் கடையில வேலை பாக்கற பொண்ணு. எதையும் ரெண்டு தடவை சரி பார்த்துட்டுத்தான் பேசுவா.

"அப்பா, எனக்குப் பாட்டு வேண்டாம். கிட்டார் மட்டும்தான்."

"மட்டும்னா?"

"வெறும் கிட்டார்ப்பா. யாரும் பாடக் கூடாது, ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. வார்த்தை வந்தா அத்தை கூடவே பாட ஆரம்பிச்சிடுவாங்க."

நியாயமான பயம்தான். அத்தைன்னா லிஃப்ட்டுக்காரரோட அக்கா. பாட்டுன்னு ஒண்ணு காதுல விழுந்தா போதும், முதல் வரியிலேயே ஏறி உக்கார்ந்துக்குவாங்க. போன கல்யாணத்துல பாட வந்தவங்க எல்லாரும் வாயை மூடிக்கிட்டாங்க, விருந்தாளிங்க எழுந்து போயிட்டாங்க. மாப்பிள்ளையால மட்டும்தான் எழுந்து போக முடியல.

"நான் கதவுகிட்டேருந்து மேஜை வரைக்கும் நடந்து வர்றப்போ ஒருத்தர் ஓரமா உக்கார்ந்து வாசிக்கணும். கையெழுத்து போடறப்போ ஒண்ணு. எல்லாரும் சாப்பிடறப்போ ரெண்டு மூணு. துணிகூட அம்மா தைக்கறதே போதும்ப்பா. நான் கேக்கறது இது ஒண்ணுதான்."

உண்மைதான். அவ சின்ன வயசுலேருந்து எதுவும் கேட்டதில்ல. கேக்காத பொண்ணு கேட்டா அப்பன் எலும்பு உருகிடும். "செஞ்சுடறேன்மா"ன்னு வாக்குக் கொடுத்துட்டார்.

வீட்டம்மா மிஷினை நிறுத்தாமலே ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாங்க. "கிட்டார் வாசிக்கறவர் நம்பர். தையல் கொடுக்கற வீட்டுல சொன்னாங்க. பேசிப் பாருங்க."

பேசினார். கிட்டார்காரர் மரியாதையா ஒரு தொகையைச் சொன்னார். லிஃப்ட்டுக்காரர் போனைக் காதுலேருந்து எடுத்து, முன்னாடி பின்னாடி திருப்பிப் பார்த்து, மறுபடி காதுல வெச்சார்.

"சார், நான் கிட்டாரை விலைக்குக் கேக்கல. வாசிக்கறதுக்குக் கேட்டேன்."

"வாசிக்கறதுக்குத்தான் சொன்னேன்."

"அதுல இருக்கறது ஆறு கம்பிதானே?"

"ஆமா சார்."

"என் லிஃப்ட்டுல நாலு கம்பி. பத்துப் பேர் உசிரு அதுலதான் தொங்குது. அதுக்கே நான் ஒரு மாசம் முழுக்க உழைச்சாத்தான் நீங்க சொல்ற காசு வரும்."

"அப்போ நீங்க ரொம்பக் கம்மியா வாங்கறீங்க சார்"ன்னார் கிட்டார்காரர். அனுதாபத்தோடதான் சொன்னார். அதுதான் இன்னும் எரிஞ்சுது.

அன்னைக்கு வேலைக்குப் போற வழியில லிஃப்ட்டுக்காரருக்கு ஒரு யோசனை உதிச்சுது. அவர் மெக்கானிக்கா இருக்கற பதினெட்டு மாடி ஆபீஸ் கட்டடத்துல மூணு லிஃப்ட். மூணுலயும் காலையிலேருந்து சாயங்காலம் வரைக்கும் கிட்டார்தான் ஓடுது. பாட்டு கிடையாது, வார்த்தை கிடையாது. மக கேட்டது அப்படியே, அதுவும் ஓசியில. இருபத்திரண்டு வருஷமா இந்தக் கிட்டாரைக் கேட்டுக்கிட்டே எண்ணெய் போட்டிருக்கார். எது நல்லாருக்கு எது சுமார்னு அவருக்குத் தெரியாதா?

ஸ்பீக்கர் இருக்கறது லிஃப்ட் கூண்டோட தலை மேல. நாலஞ்சு நாள் கழிச்சு, ரிப்பேர் பலகையை வாசல்ல மாட்டிட்டு, மேல ஏறி உக்கார்ந்து, ஸ்பீக்கர் பக்கத்துல போனை வெச்சு, ஒரு மத்தியானம் பூரா மேலயும் கீழயும் போய் வந்தார். பலகையைப் படிக்காத ஜனங்க கூட்டமா ஏறி இறங்கிக்கிட்டே இருந்தாங்க. சும்மா கைக்கு வந்ததைப் பிடிக்கல. ரொம்ப வேகமா ஓடறதைத் தள்ளினார். அழுது வடியறதைத் தள்ளினார். நடந்து வர்றதுக்கு நிதானமா ஒண்ணு. கையெழுத்துக்கு இதமா ஒண்ணு. சாப்பாட்டுக்குக் கொஞ்சம் துள்ளலா ரெண்டு. ஓரமா உக்கார ஆளுக்கும் வழி கண்டுபிடிச்சிட்டார். கட்டடத்துக் காவலாளிக்கு முடி நீளம். கையில கிட்டாரைக் கொடுத்து உக்கார வெச்சா, விரலை ஆட்டினா போதும். யார் கேக்கப் போறாங்க?

சாயங்காலம் வந்ததும் வீட்டம்மாவையும் மகளையும் கூடத்துல உக்கார வெச்சு, போனைச் சின்ன ஸ்பீக்கர்ல மாட்டினார்.

"கண்ணை மூடிக்கோம்மா. நீ இப்போ கதவைத் திறந்துக்கிட்டு வர்றே."

மக கண்ணை மூடினா. கிட்டார் சொட்டுச் சொட்டா ஆரம்பிச்சுது. நிஜமாவே நல்ல இசை. மக முகம் இளகிச்சு. தையல் மிஷினோட வேகம்கூடக் கொஞ்சம் குறைஞ்சுது. லிஃப்ட்டுக்காரர் தலையை ஆட்டிக்கிட்டே இருந்தார்.

'ஏழாவது தளம். கதவு திறக்கிறது.'

மக கண்ணைத் திறந்தா. அவர் இன்னும் தலையை ஆட்டிக்கிட்டிருந்தார்.

"அப்பா, என்னது அது?"

"எது?"

"ஒரு பொம்பளை பேசினாங்களே."

"எந்தப் பொம்பளை?"ன்னு பதறிப் போய் வீட்டம்மாவைத்தான் பார்த்தார்.

மறுபடி போட்டுக் காட்டினா. அவர் காதுல விழல. இன்னொரு தடவை போட்டா. அப்பவும் விழல. நாலாவது தடவை மக அந்த இடம் வந்ததும் அவர் தோளைத் தட்டினா. அப்போதான் கேட்டுச்சு. இருபத்திரண்டு வருஷமா அந்தக் குரல் பேசிக்கிட்டே இருந்ததுல, அவர் காது அதை எப்பவோ வேலையை விட்டு நிறுத்தியிருக்கு.

"அந்த ஒரு இடத்துல மட்டும்தானே"ன்னு சமாளிச்சார்.

'கதவு மூடுகிறது. வழியை விட்டு விலகி நிற்கவும்'னு குரல் சொல்லிச்சு.

"இது நான் நடந்து வர்றப்போ"ன்னா மக.

"கையெழுத்துக்கு எடுத்தது ரொம்ப நல்லாருக்கும், அதைக் கேளு."

அதுவும் அழகாத்தான் ஆரம்பிச்சுது. மாப்பிள்ளை பேனாவைக் கையில எடுக்கற நேரம் இருக்கும். 'அளவுக்கு மீறிய பாரம். கடைசியாக ஏறியவர் இறங்கவும்.'

மக ரெண்டு கையாலயும் முகத்தைப் பொத்திக்கிட்டு உள்ள போயிட்டா. தோள் ரெண்டும் குலுங்குச்சு. அழறான்னு நினைச்சு லிஃப்ட்டுக்காரர் ஆடிப் போயிட்டார். மிஷின் நின்னுச்சு. வரப் போறதை வாங்கிக்கறதுக்குத் தயாரா அவர் தலையைக் குனிஞ்சார்.

"நல்லாத்தான் இருக்கு. இதையே போடலாம்"ன்னாங்க வீட்டம்மா.

அவர் தலையை நிமிர்த்தவே இல்ல. தப்பா கேட்டிருச்சுன்னு நினைச்சார். காது மேல இருந்த நம்பிக்கை போய் அஞ்சு நிமிஷம்தான் ஆகுது.

"என்ன சொன்னே?"

"இதையே போடலாம்னேன். செலவில்லாத வேலை. குரலும் தெளிவா இருக்கு."

"ஏம்மா, கடைசியா ஏறினவர் இறங்கணுமாமே. மாப்பிள்ளை எழுந்து போயிட்டா?"

"போறவர் இப்பவே போகட்டும். அதுவும் நல்லதுதானே."

திட்டியிருந்தா சாப்பிட்டுட்டுத் தூங்கியிருப்பார். பாராட்டினதுதான் பயமா இருந்துச்சு. அடுத்து ஒரு கத்தை அழைப்பிதழைக் கையில கொடுத்தாங்க. அச்சாகி வந்திருந்துச்சு. கீழே தடிச்ச எழுத்துல, 'இசைத் தேர்வு: மணமகளின் தந்தை.'

"இது எதுக்கு?"

"உங்க டிபார்ட்மென்ட்னு சொன்னீங்களே. நாளைக்கு யாரும் என் பேரைச் சொல்லிடக் கூடாது பாருங்க. சம்பந்தியம்மாவுக்கு ஒண்ணு கொடுத்தாச்சு. உங்க அக்காவுக்கும் கொடுத்தாச்சு."

அக்காவுக்குக் கொடுத்தாச்சுன்னா ஊருக்கே கொடுத்தாச்சுன்னு அர்த்தம்.

மறுநாள் இன்னொரு முயற்சி பண்ணினார். லிஃப்ட் மாடிக்கு வந்தாத்தானே பேசுது? நடுவுலயே நிறுத்திட்டா? அஞ்சாவது மாடிக்கும் ஆறாவது மாடிக்கும் நடுவுல கூண்டை நிறுத்தி, இருட்டுல குந்தி உக்கார்ந்து எடுத்தார். இந்தத் தடவை காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டார். ரெண்டு நிமிஷம் சுத்தமான கிட்டார். அவர் மனசு துள்ளினப்போதான் குரல் வந்துச்சு. 'பதற்றப்பட வேண்டாம். உதவி வந்துகொண்டிருக்கிறது.'

வீட்டுல போட்டுக் காட்டினார்.

"முந்தினதைவிட இது நல்லாருக்கு. மாப்பிள்ளைக்கு ஆறுதலா இருக்கும்"ன்னு சொல்லிட்டு வீட்டம்மா ஊசியில நூல் கோத்தாங்க.

ரெண்டு நாள் சாப்பாடு இறங்கல. கண்ணை மூடினா மக கதவைத் திறந்துக்கிட்டு வர்றா, மண்டபம் முழுக்கச் சிரிக்குது. சிரிப்பைக்கூடத் தாங்கிக்கலாம். பொண்ணு ஒண்ணே ஒண்ணு கேட்டா, அதையும் அப்பன் ஓசியில முடிக்கப் பார்த்தான். அந்த நினைப்புதான் நெஞ்சை அறுத்துச்சு. மூணாவது நாள் யாருக்கும் சொல்லாம, போன்ல விலாசம் கேட்டுக்கிட்டு, கிட்டார்காரர் வீட்டைத் தேடிப் போனார்.

ஒன்பதாவது மாடி. லிஃப்ட் கதவுல 'ஓடாது'ன்னு எழுதின அட்டை பழுப்பேறிப் போயிருந்துச்சு. ஊரெல்லாம் லிஃப்ட்டை ஓட விடற மனுஷன் படியேறினார். நாலாவது மாடியில முழங்காலைப் பிடிச்சார். ஏழாவது மாடியில சுவரைப் பிடிச்சார். ஒன்பதாவது மாடியில கதவைத் திறந்த கிட்டார்காரரையே பிடிச்சுக்கிட்டார்.

கிட்டார்காரர் ஒல்லியான மனுஷன். வலது கையில மட்டும் நகம் நீளமா இருந்துச்சு. தண்ணி கொடுத்து, உக்கார வெச்சு, முழுக்கதையையும் கேட்டார். ஒரு தடவைகூடச் சிரிக்கல. அப்புறம் கிட்டாரை எடுத்து மடியில வெச்சு வாசிக்க ஆரம்பிச்சார்.

லிஃப்ட்டுக்காரர் குரல் வரும்னு காத்திருந்தார். ஏழாவது தளம் வரணும். வரல. கதவு திறக்கணும். திறக்கல. இசை மட்டும் போய்க்கிட்டே இருந்துச்சு, மெல்ல வளைஞ்சு, ஒரு இடத்துல தானா வந்து உக்கார்ந்துச்சு. அப்போதான் அவருக்கு உறைச்சுது. லிஃப்ட்டுல ஏறின யாரும் எந்த இசையையும் கடைசி வரைக்கும் கேட்டதில்ல. அவங்க மாடி வந்துடும், இறங்கிடுவாங்க. இருபத்திரண்டு வருஷத்துல ஒரு இசை முடியறதை அவர் இப்போதான் முதல்ல கேக்கறார். கண்ணுல தண்ணி முட்டிக்கிச்சு. படியேறினதுன்னு சொல்லித் துடைச்சுக்கிட்டார்.

"பொண்ணு எப்படி நடப்பாங்க?"ன்னு கேட்டார் கிட்டார்காரர். "வேகமாவா, மெதுவாவா?"

லிஃப்ட்டுக்காரர் எழுந்து, மக நடக்கற மாதிரி அந்தச் சின்ன அறையில நடந்து காட்டினார். தலையைக் கொஞ்சம் சாய்ச்சு, கைப்பை தோள்ல இருக்கற மாதிரி. கிட்டார்காரர் அந்த நடைக்கு வாசிச்சார். ஒண்ணு சரியா வரல. இன்னொண்ணு கொஞ்சம் சோகமா இருந்துச்சு. மூணாவதுல கால் தானாவே பொருந்திச்சு. "இதுதான்"ன்னு சுவர் ஓரத்துல நின்னு சொன்னார்.

அப்புறம் காசுப் பேச்சு வந்துச்சு. தொகை அதேதான். இவர் கெஞ்சினார். கிட்டார்காரர் நகத்தைப் பார்த்துக்கிட்டு யோசிச்சார்.

"சார், நீங்க லிஃப்ட் மெக்கானிக்தானே?"

"ஆமா."

"இந்தக் கட்டடத்து லிஃப்ட் நின்னு எட்டு மாசம் ஆகுது. பார்ட்ஸ் எல்லாம் வாங்கி மூட்டையா வெச்சிருக்கோம், கை வைக்கத்தான் ஆள் இல்ல. கிட்டாரையும் ஸ்பீக்கரையும் தூக்கிக்கிட்டு ஒன்பது மாடி ஏறி இறங்கறேன். நீங்க அதை ஓட விடுங்க. நான் சும்மாவே வாசிக்கறேன்."

லிஃப்ட்டுக்காரருக்கு ஒரே ஒரு கொள்கை உண்டு. ஞாயித்துக்கிழமை ஸ்க்ரூடிரைவரைக் கையால தொடமாட்டார். வீட்டுல மின்விசிறி கழண்டு விழுந்தாலும் திங்கள் சாயங்காலம்தான் மாட்டுவார். வாரம் பூரா அடுத்தவங்களைத் தூக்கி விடறேன், ஒரு நாள் நான் படுத்துக்கறேன்னு சொல்லுவார். அந்தக் கொள்கையை மனசுக்குள்ள கடைசியா ஒரு தடவை பார்த்துக்கிட்டார்.

"எத்தனை நாள் ஆகும்?"னார் கிட்டார்காரர்.

"நாலு ஞாயிறு"ன்னார் லிஃப்ட்டுக்காரர்.

வீட்டுல ஓவர்டைம்னு சொன்னார். வீட்டம்மா ஏன்னு கேக்கல. எங்கேன்னு கேக்கல. நாலு ஞாயிறும் விடியறப்பவே சாப்பாடு கட்டி வெச்சாங்க. ரெண்டாவது ஞாயிறு, பழைய துணியில தைச்ச ஒரு முழங்கால் உறை ஜோடியும் பைக்குள்ள இருந்துச்சு. ஆபீஸ் லிஃப்ட்டுக்கு எதுக்கு முழங்கால் உறைன்னு அவருக்கு ஒரு நிமிஷம் தோணிச்சு. மாட்டிக்கிட்டார், இதமா இருந்துச்சு, மறந்துட்டார்.

லிஃப்ட்டோட கன்ட்ரோல் பெட்டிக்குள்ள எலி குடும்பம் நடத்திக்கிட்டிருந்துச்சு. பாதி ஒயரைக் கடிச்சிருந்துச்சு. பிரேக் துருப்பிடிச்சுக் கிடந்துச்சு. கதவு பூட்டற இடமெல்லாம் தேஞ்சு போயிருந்துச்சு. ஒவ்வொண்ணா மாத்தினார். நாலாவது ஞாயிறு மத்தியானம் பட்டனை அழுத்தினார். கூண்டு ஒரு குலுக்கு குலுக்கிட்டு, எட்டு மாசத் தூக்கம் கலைஞ்சு மெல்ல அசைஞ்சுது. கிட்டார்காரர் கிட்டாரோட வந்து ஏறிக்கிட்டார். ரெண்டு பேரும் ராஜா மாதிரி கீழே இறங்கினாங்க. கதவு திறந்துச்சு.

எதிர்ல அவரோட வீட்டம்மா நின்னாங்க. ரெண்டு கையிலயும் துணி மூட்டை.

ஓவர்டைம்னு சொன்ன பொய், ஞாயித்துக்கிழமைக் கொள்கை, எல்லாம் ஒண்ணா லிஃப்ட்டுக்காரருக்கு ஞாபகம் வந்துச்சு. வீட்டம்மா உள்ள வந்து, மூட்டையை அவர் கையில கொடுத்துட்டு, "ஆறு போடுங்க. அங்க மூணு வீட்டுத் திரைச்சீலை இருக்கு"ன்னாங்க.

"வாங்கக்கா"ன்னார் கிட்டார்காரர். "நீங்க சொன்ன தேதிக்கே முடிச்சிட்டார்."

"அக்காவா?"ன்னு லிஃப்ட்டுக்காரர் அவரைப் பார்த்தார். "என்ன தேதி?"

கிட்டார்காரருக்குச் சங்கடமா போச்சு. "அன்னைக்கு போன்ல நான் சொன்னது என் ரேட்டு இல்ல சார். என் ரேட்டு அதுல பாதிதான். இரண்டு மடங்கா சொல்லுன்னு அக்காதான்..."

"பாதி சொல்லியிருந்தா கொடுத்துட்டு வந்திருப்பீங்க. லிஃப்ட் அப்படியே கிடந்திருக்கும். இந்தக் கட்டடத்துல எனக்கு பதினோரு வீட்டு வேலை இருக்குங்க. எட்டு மாசமா மூட்டையோட படி ஏறறேன்"ன்னாங்க வீட்டம்மா.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டா செய்ய மாட்டீங்க. அதான் கேக்கல."

"அந்த லிஃப்ட் குரல் நல்லாருக்குன்னியே."

"நீங்க எதையாவது ஓசியில கொண்டு வருவீங்கன்னு தெரியும். அது என்னன்னுதான் தெரியல. அன்னைக்கு உங்க மக உள்ள போய்ச் சிரிச்ச சிரிப்புல கட்டில் கால் ஆடிச்சு."

கூண்டு மேல போச்சு. என்ன இருந்தாலும் மகளுக்குக் கிட்டார் கிடைச்சிருச்சு. அவர் நடந்து காட்டின நடைக்கு, அவர் தேர்ந்தெடுத்த இசை. அதை நினைச்சு கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்திக்கிட்டார். அதை வீட்டம்மா பக்கவாட்டுல பார்த்துட்டாங்க.

"நிஜமாவே நல்லா தேர்ந்தெடுத்திருக்கீங்களாம். தம்பி சொல்லுச்சு."

அவருக்குக் குளிர்ந்து போச்சு. ஆறாவது மாடி வந்துச்சு, கதவு திறந்துச்சு. வீட்டம்மா மூட்டையை வாங்கிக்கிட்டு வெளிய இறங்கி, அப்புறம்தான் ஏதோ ஞாபகம் வந்த மாதிரி திரும்பினாங்க.

"ஏங்க, கருவிப் பையை இங்கேயே வெச்சிடுங்க. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கறவர் வீடு பக்கத்துக் கட்டடத்துல பன்னெண்டாவது மாடியாம். அங்க லிஃப்ட் நின்னு ஒரு வருஷம் ஆகுதாம்."